எமது பெயரில் வந்த கடிதம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் பகுதியினர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



மின்னஞ்சலில் நிகழும் ஆள்மாறாட்டத்தைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறார்கள். இப்பொருளைத் தெரிந்தெடுத்தவர் எமது செயலாளரே என்று அறிந்ததும் சபையிற் சிலர் புன்முறுவல் செய்வது எமக்குத் தெரிகிறது. சென்ற ஆண்டு அவர் பட்ட பாட்டை அறிந்தவர்கள் அவர்கள். அறியாதவர்களுக்காக, அவருடைய சம்மதத்துடன், அதனை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, கனடாவில் வாழும் எமது பழைய அங்கத்தவர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், செயலாளரைத் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, வாசிகசாலைக் கூரைக்கெண்டு நீ கேட்ட காசு ஒன்பது நாளைக்கு முன்னம் அனுப்பிப்போட்டன். ஒரு சொல்லும் காணேல்லை” என்றார். செயலாளர் காசு கேட்டிருக்கவில்லை. ஆனால் அவருடைய முகவரியிலிருந்தே கடிதம் போயிருந்தது. கூரை ஒழுகுவது உண்மை; அதன் மதிப்பீட்டுத் தொகையும் கடிதத்திற் சரியாகவே இருந்தது. வங்கிக் கணக்கு ஒன்றுதான் வேறு.

காசு போனது ஒரு துன்பம். அதனினும் பெரிய துன்பம், ஊரில் எழுந்த முணுமுணுப்பு. “கூரைக் கணக்கு வெளியாருக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டவர்களில் எம்முட் சிலரும் அடக்கம் என்பதை மறைக்காமற் சொல்லவேண்டும்.

சர்வகலாசாலை மாணவர் மூவர் ஒரு சனிக்கிழமை வாசிகசாலையில் அவருடைய கணினியின் முன் அமர்ந்தோம். முதலில் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கள்வன் வீட்டுக்குள் புகுந்தானா, அல்லது தெருவில் நின்றுகொண்டு வீட்டுக்காரரின் பெயரைக் கூவினானா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அனுப்பிய கடிதங்களின் பகுதியைப் பார்த்தோம், ஒன்றுமில்லை. குப்பைப் பகுதியைப் பார்த்தபோது அகப்பட்டது. தலைமையாசிரியர் ஐயா, “இந்தக் கணக்குக்குத்தான் அனுப்புவதோ?” என்று ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதற்கு, “ஆம், விரைவில் அனுப்புங்கள், கூட்டத்தில் இருப்பதால் தொலைபேசியில் அழைக்கவேண்டாம்” என்று பதிலும் போயிருக்கிறது. செயலாளர் இரண்டையும் கண்டதில்லை. காரணம், அஞ்சற்பெட்டியின் அமைப்புக்களில் யாரோ ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள்: ஐயாவிடமிருந்து வருவன யாவும் நேரே குப்பைக்குப் போகவேண்டும் என்று. கள்வன் உள்ளேதான் இருந்தான். பழைய கடிதங்களை ஆறுதலாக வாசித்தே கூரைக் கணக்கை அறிந்திருக்கிறான்.

“உமது அஞ்சற்பெட்டி நிறைந்துவிட்டது, கடவுச்சொல்லை இங்கே இடுக” என்று சில வாரங்களுக்கு முன் வந்த கடிதத்துக்குச் செயலாளர் பணிந்திருந்தார். வழி அது.

அன்றே கடவுச்சொல்லை மாற்றினோம். அது மட்டும் போதாது என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றும் கட்டளையைக் கொடுக்காவிட்டால், ஏற்கெனவே உள்ளே இருப்பவன் உள்ளேயே இருக்கக்கூடும். கடவுச்சொல்லை மறந்தாற் செய்தி அனுப்பவேண்டிய தொலைபேசி இலக்கத்தையும் அவன் மாற்றியிருந்தான், அதனைத் திருத்தினோம். அந்தக் குப்பை விதியை நீக்கினோம். கடவுச்சொல்லுடன் கைத்தொலைபேசியின் இரண்டாம் உறுதிப்படுத்தலும் வேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். கடிதங்களை அழிக்கவில்லை, பொலிசாருக்குச் சான்று அவைதாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி, அனுமதியின்றிப் பிறர் கணினியில் நுழைவதே குற்றமாகும். ஐயா தம் வங்கிக்கும் அறிவித்தார். ஒன்பது நாள் கடந்துவிட்டமையாற் காசு திரும்பவில்லை. அன்றைக்கே அறிவித்தால் நிறுத்தப்படுவதும் உண்டு.

கதை இங்கே முடியவில்லை. ஒரு மாதம் சென்றபின் அங்கத்தவர் பலருக்குச் செயலாளர் பெயரிலே மருந்து விளம்பரமும் பரிசுச்சீட்டுக் கடிதமும் வரத்தொடங்கின. “எல்லாவற்றையும் மாற்றிவிட்டேனே, இன்னும் ஏன்?” என்று அவர் மனம் உடைந்தார். இம்முறை கள்வன் தெருவில் நின்றான். முகவரிப் புத்தகம் முன்பே களவு போய்விட்டது. இனி எவனும் எங்கிருந்தும் அப்பெயரை எழுதலாம்.

எழுதலாமா என்று கேட்பீர்கள். நாம் படித்த மிஷன் பாடசாலையில் கடிதம் எழுதப் பழக்கிய ஆசிரியர், வலப்புற மூலையில் முகவரியும் திகதியும் இராவிட்டாற் கொப்பியைத் திருப்பித் தந்துவிடுவார். மூலையில் முகவரி சரியாக இருந்தாற் கடிதம் மெய்யானது என்ற நினைவு அங்கேதான் எமக்கு ஊன்றியது போலும். தபாலுறையின் பின்புறத்தில் யாரும் யாருடைய பெயரையும் எழுதி முத்திரை ஒட்டலாம், தபாற்காரர் கேட்பதில்லை. மின்னஞ்சலும் அவ்வாறே. அதனை எடுத்துச்செல்லும் விதிகளை 1982இல் யொனதன் பொஸ்ரெல் என்னும் அமெரிக்க அறிஞர் வகுத்தபோது, வலையிலே சில நூறு கணினிகள்தாம் இருந்தன. அனுப்புபவர் தாமே தம் பெயரைச் சொல்லுவார். அதனைச் சோதிக்கும் ஏற்பாடு அவ்விதிகளில் இல்லை. அதற்கும் முன்னரே, 1978இல், கேரி துவேர்க் என்னும் கணினி விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி ஏச்சு வாங்கினார். ‘ஸ்பாம்’ என்ற பெயர் பிற்காலத்தது. அது தகரத்தில் அடைத்த இறைச்சியின் பெயர். மொன்ரி பைதன் குழுவினர் 1970இல் நடித்த நகைச்சுவையிலிருந்து இதற்கு வந்தது. எமது சங்கத்தில் அதனை விரித்துரைக்க வேண்டியதில்லை!

பின்னாளிற் பூட்டுக்கள் வந்தன. ஒரு நிறுவனம் தன் பெயரில் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் இவையென்று பகிரங்கமாக அறிவிக்கலாம். கடிதத்துக்கு மறைகுறி ஒப்பமும் இடலாம். 2024 பெப்ரவரி முதல், பெருந்தொகையாகக் கடிதம் அனுப்புவோர் இவற்றைச் செய்தேயாகவேண்டும் என்று கூகிளும் யாகூவும் விதித்தன. இதனால் நன்மை உண்டு. ஆயினும் முதற் கடிதம் உண்மையான பெட்டியிலிருந்தே போயிற்று. எந்தப் பூட்டும் அதனைத் தடுத்திராது. முகவரியில் ஓரெழுத்தை மாற்றிப் புதுப் பெயர் பதிந்துகொள்பவனையும் தடுக்காது.

படிப்பறிவில்லாதவரே ஏமாறுவர் என்று எண்ணவேண்டாம். 2016 பெப்ரவரியில் வங்காளதேச மத்திய வங்கியின் கணக்கிலிருந்து 95 கோடி டொலருக்கு மேல் எடுக்க முயன்றார்கள். வங்கி ஊழியருக்கு வேலை விண்ணப்பம்போல வந்த கடிதங்களே தொடக்கம் என்று 2018இல் அமெரிக்க நீதித் திணைக்களத்தின் குற்றப்பத்திரம் கூறிற்று. 8 கோடி 10 இலட்சம் பிலிப்பைன்சுக்குப் போயிற்று. 2 கோடி எமது இலங்கைக்கே வந்தது. ‘பவுண்டேசன்’ என்ற சொல்லைக் கள்வர் பிழையாக எழுதியதனாற் சந்தேகம் உண்டாகி, அத்தொகை தடுக்கப்பட்டது. எழுத்துப் பிழைக்கு நாம் நன்றி சொன்ன ஒரே சந்தர்ப்பம் அதுதான். இக்காலக் கள்வரோ செயற்கை நுண்ணறிவின் துணையாற் பிழையின்றி எழுதுகிறார்கள். அந்த அடையாளத்தையும் இனி நம்பமுடியாது.

ஆதலாற் சங்கத்தில் ஒரு வழக்கம் செய்துகொண்டோம். காசு கேட்கும் கடிதம் எதுவாயினும், முன்பே கையிலுள்ள இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் குரலைக் கேட்டபின்னரே கொடுப்பது. கடிதத்திற் கண்ட இலக்கத்துக்கு அல்ல. விளம்பரக் குப்பைக்குப் பதில் எழுதுவதுமில்லை. பதில் போனால் முகவரி உயிரோடிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

தலைமையாசிரியர் ஐயா இவ்வாண்டும் கூரைக்குக் காசு தர முன்வந்தார். செயலாளர் எழுதியதும் அழைத்தார். குரலையும் அவர் முழுதாக நம்பவில்லை. “தம்பி, வாசிகசாலையிலை எத்தனை யன்னல்?” என்று கேட்டார். எந்தக் கடிதத்திலும் எவரும் எழுதியிராத விடயம். செயலாளர் தொலைபேசியும் கையுமாக எழுந்து நின்று எண்ணினார். “ஐந்து, ஐயா. கிழக்குப் பக்கத்து யன்னல் திறபடாது.”

“எங்கட காலத்திலையும் அது திறபடேல்லை” என்றார் ஐயா. காசு மறுநாள் வந்தது. கூரை வேலை நடக்கிறது.