சென்னையை வளர்த்தது ஏரியே!



"சென்னையை வளர்த்தது கடலா, ஏரியா?" எதிரணித் தலைவர் கடல் கடல்னு முழங்கினார். உட்கார்ந்திருந்த எனக்கே கால் நனைஞ்ச மாதிரி இருந்தது. (சிரிப்பு)

1639-இல் வெள்ளைக்காரனைக் கொண்டுவந்து விட்டது கடல்தான். ஒத்துக்கிறேன். ஆனா எப்படி விட்டது? இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பலைத் தூரத்திலே நிறுத்தி, மசூலாப் படகில் ஏறி, அலையில் உருண்டு புரண்டு கரை சேரணும். பாடுபட்டுத் துறைமுகம் கட்டினாங்க. 1881-இல் புயல் வந்து உடைச்சது. திரும்பக் கட்டினாங்க. தெற்கிலிருந்து வடக்கே நகர்கிற மணலை அந்தச் சுவர் மறிச்சது. தெற்கே மெரினா அகலமாச்சு. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிச்சது. ஒரு கையால கொடுத்து மறு கையால பிடுங்குறதுக்குப் பேரு வளர்ப்பா? (கைதட்டல்)

நகரம் கிழக்கே வளர முடியுமா? முடியாது. மேற்கேயும் தெற்கேயும்தான் போகணும். அங்கே இருந்தது யாரு? ஏரிகள்! 1693-இல் எழும்பூர், 1708-இல் நுங்கம்பாக்கம்னு கிராமம் கிராமமா சேர்ந்தது. 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கு. ரோடு இருக்கு, வியூ இருக்கு, லேக்கைத்தான் காணோம்! (பலத்த சிரிப்பு)

2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அந்த வளர்ச்சிக்கும் இடம் விட்டது ஏரியும் வயலும் சதுப்பும்தான்.

கடல்நீரைக் குடிநீராக்குறோமேன்னு எதிரணிச் சகோதரி கேட்டாங்க. மீஞ்சூர் ஆலை 2010-இல் வந்தது, நெம்மேலி 2013-இல் வந்தது. அப்புறமும் 2019-இல் ஏரிகள் வறண்டதும் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஏன் தாயி? வாசலில் வங்கக் கடல். கையில் காலிக் குடம்! (கைதட்டல்)

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. தண்ணி எங்கே போச்சு? தான் குடியிருந்த இடத்தைத் தேடிப் போச்சு. அங்கே நம்ம படுக்கையறை இருந்தது. அதை வெள்ளம்னு சொன்னோம். வீட்டுக்காரன் திரும்பி வந்தா, அதுக்குப் பேரு வெள்ளமா?

நடுவர் அவர்களே, பெற்ற தாய்க்குப் பேர் கிடைக்கும். வளர்த்த தாய்க்கு வலிதான் மிச்சம். கடல் பெற்றது. ஏரி தன்னையே கொடுத்து வளர்த்தது. கடலை நாம காப்பாத்தாட்டியும் கடல் இருக்கும். பள்ளிக்கரணையில் மிச்சமிருக்கிற சதுப்பை நாம விட்டுவைச்சாத்தான் அது இருக்கும். நீங்க தர்ற தீர்ப்பு எங்க அணிக்கு மட்டுமில்லை, அந்த மிச்சத்துக்கும் சேர்த்துத்தான்.

மணி அடிச்சிட்டீங்க. ஏரியே என்று தீர்ப்பு வழங்குங்கள் எனக் கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)