கீழ்ப்பாக்கம் வசைச்சொல் அல்ல



தங்கள் தாயாரின் நினைவாக ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நிகழப் பொருள் ஒதுக்கிய பிள்ளைகளுக்கு என் நன்றி. இன்று ஓர் ஊர்ப்பெயரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: கீழ்ப்பாக்கம்.

சென்னையில் அது மக்கள் குடியிருக்கும் ஒரு பகுதி, அரசு மனநல மருத்துவமனை இருக்கும் இடம். நம் பேச்சிலோ அது வசை. ‘இவனைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பணும்’ என்று வகுப்பறையிலும் திரையரங்கிலும் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, இருபது வயதில் தூக்கம் கெட்டு, யாருமில்லாத அறையில் குரல்கள் கேட்கத் தொடங்கினால் யாரிடம் போய்ச் சொல்லும்?

மனநல மருத்துவரான என்னிடம் வருகிறவர்களில் பலர் ‘நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று அடுத்த மாவட்டத்துக்குப் பேருந்து ஏறுகிறார்கள். மாத்திரையைப் பிரித்து வைட்டமின் டப்பாவில் போட்டுவைக்கும் மருமகள்கள் உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரை பலன் காட்ட இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். ஒளித்துச் சாப்பிடுகிறவர் அதற்குள் விட்டுவிடுகிறார். ‘தங்கச்சி கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடும் பெற்றோரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. சம்பந்தம் பேச வருகிறவர்கள் எதை விசாரிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் மனச்சிதைவு கல்யாணத் தேதிக்காகக் காத்திருப்பதில்லை. சிகிச்சை தள்ளத் தள்ள, மீள்வது கடினமாகிறது.

2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறவில்லை என்றது. மருத்துவர் பற்றாக்குறையும் பணமுடையும் அதற்குக் காரணம், கூச்சமும் காரணம்.

அந்தக் கூச்சம் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதை ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், அங்குள்ள தர்காவுக்கு வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அங்கே கொண்டுவந்து விடப்பட்டவர்களுக்கும் பெற்றவர்கள் இருந்தார்கள், உடன்பிறந்தவர்கள் இருந்தார்கள். தர்காவின் மேல் நம்பிக்கையோடு அழைத்து வந்தவர்கள் உண்டு. ஊர் வாய்க்கு அஞ்சி அழைத்து வந்தவர்களும் உண்டு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொன்னது. சட்டம் செய்யக்கூடியதைச் செய்திருக்கிறது. நம் நாக்கைத் திருத்துவது அதன் கையில் இல்லை.

நாம் வசையாக்கிய அந்த மனநல மருத்துவமனை 1794இல் சென்னையில் தொடங்கி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன் 1961இல் அதன் கண்காணிப்பாளரானார். நோயாளி வீடு திரும்பி வேலை செய்து வாழ வேண்டும் என்பதற்காக, 1984இல் ஸ்கார்ஃப் அமைப்பையும் தொடங்கினார். குணமாகி வீடு திரும்பியவர்களின் ஊர் கீழ்ப்பாக்கம்.

மாணவர்களே, 14416 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். கட்டணமில்லை, இரவிலும் பேசலாம். வீட்டில் ஒருவர் ‘மனசு சரியில்லை’ என்றால், ‘உனக்கு என்ன குறை?’ என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள். கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரைச் சொல்லி இனி யாரையும் ஏசாதீர்கள்.