ஐந்து கோடுகளின் கல்வி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் இசையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நான் பேசவிருப்பது இசையை எழுதும் கல்வியைப் பற்றி. பறையின் அடிகளை எத்தனையோ தலைமுறைகளாக நம் முன்னோர் நினைவிலேயே காத்து வந்தனர். அவற்றை யாத்தவர் யார் என்று கேட்டால் ஒரு பெயரும் நம்மிடம் இல்லை. எழுதப்பட்ட தாளிலோ எழுதியவன் பெயர் நிற்கும்.

1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தமையனார் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகப் பாடிச் சென்றவர். சென்னைக்கு வந்தபின், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசைக் குறியீட்டை முறையாகக் கற்றார். ‘அன்னக்கிளி’ வெளிவந்தது 1976-இல். அவருடைய சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது. இடைப்பட்ட காலமெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார். அவருக்குப் பிறவி ஞானம் என்று சொல்லிக் கைகூப்பிவிட்டுப் போகிறோமே, அது அவர் பட்ட பாட்டை மறைக்கும் பேச்சு என்பது என் கருத்து.

அப்படி அதில் கற்க என்ன இருக்கிறது? நம் பக்கத்துத் திருமண ஊர்வலங்களில் பேண்டு வாத்தியக் கிளாரினெட்டைக் கேட்டிருப்பீர்கள். பியானோவில் ‘சி’ என்னும் சுரம் ஒலிப்பது போல அதில் ஒலிக்க வேண்டுமானால், வழக்கமான பி-பிளாட் கிளாரினெட்டுக்கு ‘டி’ என்று எழுத வேண்டும். எஃப் ஹாரனுக்கு ஐந்தாம் சுரம் மேலே எழுத வேண்டும். டபுள் பேஸ் எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். வயோலாவுக்கோ குறியீட்டுச் சாவியே வேறு. வயலினின் கடைசித் தந்திக்குக் கீழே ஒரு சுரத்தை எழுதினால், எத்தனை பெரிய வித்துவானாலும் வாசிக்க இயலாது. குழல் வாசிப்பவருக்கு மூச்சுவிட இடம் வைக்க வேண்டும், மனிதர்தாமே! இவற்றுள் எதற்கும் குலமோ கொடையோ தேவையில்லை. பெருக்கல் வாய்பாட்டைப் போலப் படித்தால் வரும்.

ஜெர்மானிய இசை மேதை பாக் சிறுவனாக இருந்தபோது, இசை ஏடு ஒன்றைத் தமையனார் அவருக்குத் தர மறுத்துக் கம்பியழி போட்ட பேழையில் வைத்திருந்தாராம். சிறுவன் கம்பிகளுக்கிடையே கையை நுழைத்து ஏட்டைச் சுருட்டி எடுத்து, ஆறு மாத காலம் நிலவொளியில் படியெடுத்தான் என்று 1754-இல் வெளிவந்த அவரது வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது. படியெடுத்ததும் பறிக்கப்பட்டது. மறுக்கப்பட்ட ஏடு என்றால் என்னவென்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதிய கை கற்றுக்கொண்டதை எவர் பறிக்க முடியும்? 1986-இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்’ இசைத்தொகுப்பு அந்தப் பாக்குக்கும் தியாகராசருக்கும் காணிக்கையாக்கப்பட்டது.

இளைஞர்களே, நூறு பேர் கொண்ட வாத்தியக் குழு கிடைக்கும்வரை காத்திராதீர்கள். ஐந்து கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். நம் பெரியவர் ஒருவரை அமர்த்தி, அவர் அடிக்கும் அடி ஒன்றைக் காலக்கணக்கு பிசகாமல் எழுதுங்கள். அதன்மேல் ஒரு கிளாரினெட்டுக்கு எட்டே அளவுகள் எழுதி, பேண்டு வாசிக்கும் அண்ணன்மாரிடம் காட்டுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறது என்று அவர்கள் சொல்வார்கள். அதைத் திருத்தி எழுதிவிட்டு, தாளின் மேல் வலப்பக்கத்தில் அடி தந்த பெரியவரின் பெயரை முதலிலும், உங்கள் பெயரை அதன் கீழும் எழுதுங்கள்.