ஆறு வயதில் முளைக்கும் பல்

(கருவேப்பிலங்குறிச்சியில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால், இன்றிரவு வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பால் பற்களுக்கெல்லாம் பின்னால் பெரிய கடைவாய்ப் பல் ஒன்று எட்டிப் பார்க்கும். எந்தப் பல்லும் விழாமல் அது முளைப்பதால், அதையும் பால் பல் என்றே நினைத்து விடுகிறோம். ‘சொத்தையானால் என்ன, விழுந்து வேறு முளைக்கும்’ என்கிறோம். முளைக்காது சகோதரர்களே! அறுபது வயதிலும் அந்தப் பிள்ளை அதே பல்லால்தான் மெல்ல வேண்டும்.

அந்தப் பல்லின் மேற்புறம் பள்ளமும் வெடிப்புமாக இருக்கும். மிஸ்வாக் ஆனாலும் பிரஷ் ஆனாலும் அந்த வெடிப்பின் அடிவரை போகாது. ஜவ்வு மிட்டாயின் சர்க்கரை மட்டும் போய்விடும். (அந்த மிட்டாயைப் பள்ளிக்கூட வாசலில் விற்பவர்களும் நாம்தான். அந்தக் கணக்கை இன்னொரு நாள் பேசுவோம்.) 2002-03-இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நாடு முழுதும் ஆய்வு நடத்தியது. 12 வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் சொத்தை இருந்தது.

விருத்தாசலம் பகுதிக்காரர்களுக்கு இதன் பரிகாரத்தை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பீங்கான் சாமானுக்கு எதற்காகக் கிளேஸ் பூசுகிறோம்? நுண்துளையை அடைக்கத்தானே! அதுபோலப் பல்லின் வெடிப்பை அடைக்கும் பூச்சுக்கு சீலண்ட் என்று பெயர். ஊசி கிடையாது, குடைவது கிடையாது. சில நிமிட வேலை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரெசின். பல்லை அமிலத்தால் லேசாக அரித்தால் ரெசின் கெட்டியாகப் பிடிக்கும் என்பதை 1955-இல் புவோனகோர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். நன்றாக ஒட்டினால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் ஒட்டும்போது எச்சில் பட்டதோ, போயிற்று! பாதி முளைத்த பல்லைப் பள்ளித் தாழ்வாரத்தில் வைத்து உலர்த்த முடியுமா?

மற்றது கிளாஸ் அயனோமர். கண்ணாடித் தூளை அமிலக் கரைசலில் குழைத்துச் செய்வது. ஈரத்தைத் தாங்கும், ஃபுளோரைடையும் கசியவிடும். சீக்கிரம் உதிர்வதுதான் குறை.

இந்த இரண்டும் இல்லாமல் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவமும் இருக்கிறது. நியூயார்க் பள்ளிகளில் நடந்த சோதனையின் ஈராண்டு முடிவு 2023-இல் வெளியானது. தடுப்பதில் இந்தத் திரவம் கிளாஸ் அயனோமர் பூச்சுக்குக் குறைந்ததல்ல என்று அது காட்டியது. நர்சுகளும் தடவினார்கள். சொத்தை உள்ள இடம் கறுத்துவிடும். கடைவாயில் கறுத்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

என் கருத்தைக் கேட்டால், மருத்துவரின் நாற்காலி கிடைக்கும் இடத்தில் ரெசின். பள்ளிக்கூடத்திலேயே செய்வதென்றால் கிளாஸ் அயனோமர். எது நல்லது என்று விவாதித்துக்கொண்டே பல் சொத்தையாக விட்டுவிடக் கூடாது.

2023-இல் தமிழக அரசு ‘புன்னகை’ திட்டத்தைத் தொடங்கியது. 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளின் பல்லைப் பரிசோதிக்கும் திட்டம் அது. வரவேற்கிறோம். 12 வயதில் முளைக்கும் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு அது பயன்படும். ஆனால் முதல் பல் ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறதே! ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் பாருங்கள் என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், மனுக் கொடுங்கள்.

அதுவரை, சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போய்வர வேன் வாடகையை நம் கடைவீதி ஏற்கட்டும். எல்லாச் சமுதாயப் பிள்ளைகளும் அந்த வேனில் ஏறட்டும்.