தோல்வி கண்ட நகரில் ஒரு வெற்றி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சமயச் சொற்பொழிவுகள் நிகழும் இம்மேடையில் உதைபந்தாட்டம் பற்றிய பேச்சு பொருந்துமா எனப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். தோல்வியைத் தாங்கும் மனப்பக்குவத்தைப் பற்றியே நாம் பேச விழைகின்றோம். அதற்கு யப்பானியரான ஹஜிமே மொரியாசுவின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

1968 இல் பிறந்த அவர் வளர்ந்தது நாகசாக்கியில். தொழிலுக்குச் சென்றது ஹிரோசிமாவுக்கு. அணுக்குண்டால் அழிந்து மீண்டெழுந்த நகரங்கள் இரண்டும் அவரை ஆளாக்கின எனலாம். 1987 இல் மஸ்டா மோட்டார்க் கம்பெனியின் அணியிற் சேர்ந்தார். அவ்வணியே பின்னர் சன்பிரெச்சே ஹிரோசிமா எனப் பெயர் பெற்றது. மூன்று அம்புகள் என்பது அதன் பொருள். தனி அம்பு ஒடியும், சேர்த்துக் கட்டிய மூன்று ஒடியா என்று மோரி மொத்தோனாரி என்னும் தலைவர் தம் புதல்வர் மூவருக்கும் உணர்த்தியதாக வழங்கும் கதையில் எழுந்த பெயர் அது.

மொரியாசு நின்றது நடுக்களத்தில். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து முன்னிற்கும் தோழருக்குக் கொடுப்பதே அவர் பணி. நாட்டுக்காக 35 ஆட்டங்கள் ஆடிய அவர் அடித்த கோல் ஒன்றே ஒன்று! உழைப்பு தமக்கு, கைதட்டல் பிறர்க்கு. இதனைத் தொண்டு என்னாது வேறென்னென்பது?

1993 ஒக்டோபர் 28 ஆம் நாள் கட்டார் நாட்டின் டோகா நகரில் யப்பான் ஈராக்கை எதிர்த்தாடியது. வென்றால் முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்குச் செல்லலாம். இரண்டுக்கு ஒன்று என முன்னின்ற வேளையில், ஆட்டம் முடியும் தறுவாயில் ஈராக் ஒரு கோலை அடித்துச் சமன் செய்தது. வீரர்கள் தரையிற் சாய்ந்தனர். அவர்களுள் மொரியாசுவும் ஒருவர். உலகக் கிண்ணத்தில் ஆடும் பேறு அவருக்குப் பின்னரும் கிட்டவில்லை.

2003 இல் ஆட்டத்தினின்றும் ஓய்வு பெற்றார், விளையாட்டைத் துறக்கவில்லை. பிறரைப் பயிற்றும் பணியை மேற்கொண்டு, தமது பழைய ஹிரோசிமா அணியை 2012, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் யப்பானிய லீக்கின் முதலிடத்துக்கு உயர்த்தினார். 2018 இல் தேசிய அணியின் பயிற்றுநரானார்.

2022 இல் உலகக் கிண்ணப் போட்டி அதே கட்டாரில் நடைபெற்றது. டோகாவில் ஜேர்மனிக்கு எதிராக முதற்பாதியில் யப்பான் பின்தங்கியது. இடைவேளையில் அவர் ஆட்ட ஒழுங்கையே மாற்றினார். காத்திருந்த மாற்று வீரர்கள் களம் புகுந்து இரு கோல்களை அடிக்க, யப்பான் வென்றது. கடைசி நிமிடத்தில் 1993 இன் நினைவு தம் மனத்தில் எழுந்ததென்றும், அப்போதும் தம் வீரர்கள் பின்வாங்காது பந்தைப் பறிக்க முன்னோடியதைக் கண்டு காலம் மாறியதை உணர்ந்ததாகவும் அவர் பின்னர் கூறினார்.

அடுத்து கொஸ்தாரிக்காவிடம் தோல்வி. பின்னர் ஸ்பெயினை வென்று குழுவில் முதலிடம். இறுதியிற் குறோசியாவிடம் பெனால்ற்றி உதைகளில் தோல்வி. அன்று அவர் நடுவரை நோகவில்லை, வீரரைப் பழிக்கவில்லை. ஆதரவாளர் முன் சென்று, இடுப்பு வளையக் குனிந்து நெடுநேரம் வணங்கி நின்றார்.

வாலிப அன்பர்களே! பரீட்சையிலோ தொழிலிலோ ஒருமுறை சறுக்கியதும் எல்லாம் முடிந்ததெனச் சோர்கின்றோம். தாம் எய்தாததைப் பிறர் எய்த உழைப்பதும் வெற்றியே. பெரியோர்களே! தோற்று வரும் பிள்ளையைக் கடியாது, இன்னொரு தருணம் அளியுங்கள்.