வெடிக்கு ஒரு நேரம் வேண்டும்
(தீபாவளிக்கு முன் யாழ்ப்பாணத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே, தாய்மாரே, பிள்ளைகளே,

மலையிலிருந்து இரவெல்லாம் பஸ்ஸில் வந்து உங்கள் முன் நிற்கிறோம். இவ்வளவு தூரம் வந்தவர்கள் சம்பளத்தைப் பேசாமல் பட்டாசைப் பேசுகிறார்களே என்று நினைக்காதீர்கள். சம்பளத்துக்கும் வருவோம்.

போன தைப்பொங்கலுக்குப் பளையில் தென்னந்தோட்டத்தில் வேலை செய்யும் உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தோம். பால் பொங்கி வழியும் நேரம் பக்கத்து வளவில் சீனவெடி கொளுத்தினார்கள். அந்த வீட்டு ஆச்சி முற்றத்திலிருந்து எழுந்து ஓடிக் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டார். யுத்தம் முடிந்தது 2009 மே மாதம். "மாமி, சீனவெடி மாமி, ஷெல் இல்லை" என்று மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. வீட்டு நாய் இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தது.

மனிதருக்காவது எடுத்துச் சொல்லலாம். பறவைக்கு யார் சொல்வது? தொண்டைமானாறு, மண்டைதீவு, சுண்டிக்குளம் பக்கமெல்லாம் மாரி காலத்தில் தூரதேசத்துப் பறவைகள் வந்து தங்குகின்றன. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயம் ஆன இடம். தீபாவளி, நத்தார், புதுவருஷம், தைப்பொங்கல் என்று நாம் வெடி கொளுத்துவதும் அதே மாதங்களில்தான். நெதர்லாந்தில் ராடர் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். புதுவருஷ நள்ளிரவில் வாணவேடிக்கை தொடங்கியதும் ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரேயடியாகக் கிளம்பி 500 மீற்றர் உயரம் வரை போயிருக்கின்றன.

தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டம் நம் பாட்டன் பூட்டன் புறப்பட்டு வந்த சீமைகளில் ஒன்று. அங்கே வேட்டங்குடி சரணாலயத்துக்குப் பக்கத்தில் கொள்ளுகுடிப்பட்டி என்று ஒரு ஊர். குஞ்சு பொரிக்க வரும் பறவைகள் பயந்துவிடும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு அந்த ஊரார் வெடி கொளுத்துவதில்லை. ஊராய்க் கூடி எடுத்த முடிவு அது. வனத்துறைக்காரர் வந்து இனிப்புக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

இனி நம் லயத்துக்கு வருவோம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் அடுத்த காம்பரா தப்புமா? வாசலில் விறகு அடுக்கியிருக்கிறோம், கொடியில் துணி தொங்குகிறது, அதற்கு நடுவே பையன்கள் வாணம் விடுகிறார்கள். தீபாவளி முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால் கையில் கட்டுப்போட்ட பிள்ளை ஒன்றாவது வகுப்பில் இருக்கும். தீபாவளி முற்பணம் வாங்கி வெடி வாங்குகிறோம். வெடி ஒரு ராத்திரியில் தீர்ந்துவிடும், முற்பணத்தை மாதாமாதம் சம்பளத்தில் கழிப்பார்கள். சம்பளத்துக்கு வருவோம் என்றோமே, இதுவும் அந்தக் கணக்குத்தான்.

பட்டாசு செய்கிறவனும் தொழிலாளிதானே என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், நாம் தொழிற்சங்கம். கிம்புலாப்பிட்டியவிலும் சிவகாசியிலும் அந்த வேலையை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5ஆம் திகதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டி ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஆகவே அடியோடு தடை செய் என்று நாம் சொல்லவில்லை. மத்தாப்பு, பூந்திரி இருக்கட்டும். காதைப் பிளக்கும் வெடிகளுக்குத்தான் எல்லை கேட்கிறோம்.

இது நடக்காத காரியமும் அல்ல. 2007இல் நம் நாட்டு உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வைத்தது. 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு இரண்டே மணி நேரம் என்று தீர்த்தது. நாமும் அப்படி ஒரு நேரத்தைக் கேட்கிறோம். ஆஸ்பத்திரி, களப்பு, லயம், பிள்ளைக்காம்பரா இவற்றின் பக்கத்தில் வெடிக்கவே கூடாது. சிறு பிள்ளைகளுக்குக் கடைக்காரர் வெடி விற்கக் கூடாது. இங்குள்ள பிரதேச சபைகளுக்கும் மலையகத்துச் சபைகளுக்கும் ஒரே மனுவாகக் கொடுக்கப் போகிறோம்.

தாள் பின்வரிசையிலிருந்து வருகிறது. வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாத தாய்மாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள். தாள் மேசைக்கு வந்ததும் சம்பளப் பேச்சைத் தொடங்குவோம்.