ஐயமும் ஜெபமும்



அகப்பொருள் இலக்கணம் பயின்றார் அனைவரும் அறிந்த வரிசை ஒன்று உண்டு: காட்சி, ஐயம், தெளிவு. தலைவியைக் கண்ட மாத்திரத்திலேயே தலைவனுக்குத் தெளிவு பிறந்துவிடுவதில்லை. இவள் வானத்து அணங்கோ, மண்ணுலக மகளோ என மயங்கி நின்ற பின்னரே தெளிகிறான். திருக்குறளின் காமத்துப்பால் இம்மயக்கத்தோடுதான் தொடங்குகிறது. திருக்கோவையாரிலும் காட்சியை அடுத்த துறை ஐயமே. காணாதவனுக்கு ஐயமும் இல்லை என்பதைத் தமிழ் மரபு இங்ஙனம் உணர்ந்து வைத்திருந்தது. தாமிரபரணிக் கரையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் ஜெபித்துவரும் கிறித்தவ மக்களின் வேண்டுதலில் அந்த ஐயத்துக்கு இடம் கிடைத்ததா என்பது ஆராயத்தக்கது.

இதற்கு எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை விட்டால் வேறு வாயில் இல்லை. 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். கம்பனும் ஆழ்வார்களும் இளமையிலேயே அவர் நாவில் ஏறியவர்கள். 1853இல் சாயர்புரத்தில் கிறித்தவக் கல்விக்கூடத்தின் தமிழாசிரியரானார். திருமுழுக்குப் பெற்றதோ 1858இல். இடைப்பட்ட ஐந்தாண்டுகளை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. ஒரு கவிஞனின் வாழ்வில் ஐந்தாண்டு என்பது சிறிதன்று. காலையில் கிறித்தவ மாணவர்க்கு இலக்கணம் சொல்லிக் கொடுத்துவிட்டு மாலையில் திருநாமம் தரித்து நின்றவர் யாரை நோக்கி என்ன வேண்டினார்? திருமுழுக்கு நிகழ்ந்த இடம் சென்னை மயிலாப்பூரில் தூய தோமாவின் பெயர் தாங்கிய ஆலயம். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடரின் பெயர் அது. தற்செயலே எனினும் பொருத்தமான தற்செயல்.

அவருடைய இரட்சணிய யாத்திரிகம் நற்போதகம் இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894இல் நூலாயிற்று. மூலம் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட மோட்சப் பிரயாணம். பனியன் ஐயத்தை அறியாதவர் அல்லர். தம்மை ஆண்டுக்கணக்கில் வாட்டிய ஐயங்களை 1666இல் தன்வரலாறாக எழுதியவர். மோட்சப் பிரயாணத்தில் ஐயத்துக்கு ஒரு கோட்டையே கட்டினார். அவநம்பிக்கை என்னும் அரக்கன் பயணிகள் இருவரையும் பிடித்து அதன் நிலவறையில் அடைக்கிறான். புதன் காலை தொடங்கிச் சனி இரவு வரை உணவில்லை, ஒளியில்லை. அரக்கன் அடிக்கிறான், தற்கொலை செய்துகொள்ளுங்கள் என்று அறிவுரையும் கூறுகிறான். சனிக்கிழமை நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியும் வேளையில்தான், வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருப்பது ஒருவனுக்கு நினைவு வருகிறது.

இப்பகுதியை விளக்குவோர் பெரும்பாலும் திறவுகோலைப் பற்றியே பேசுவர். அதற்கு முந்தைய இரவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்த ஜெபம் கோட்டைக்குள்ளே நடந்தது. வெளியேறிய பின் சொன்ன நன்றியன்று. திறவுகோல் இருப்பதை அறியாதவர்கள் செய்த ஜெபம் அது. அதில் என்ன சொற்கள் இருந்தன என்று பனியனும் எழுதவில்லை.

தமிழ்க் கவிஞர் எழுதியிருக்கலாம். எழுதத் தகுதியும் மரபும் அவருக்கு இருந்தன. கதையின் ஊடே தேவாரப் பதிகங்களைத் தன்மைக்கூற்றாக அமைத்தவர் கிருஷ்ண பிள்ளை. பனியனிடம் இல்லாத இந்தச் சேர்க்கையே நூலின் உயிர். அவற்றில் பாவ உணர்வு உருகுகிறது, அடைக்கலம் கேட்கிறது. ஆயினும் இறைவனை நேர்நின்று வினவும் குரல் தாழ்ந்தே ஒலிக்கிறது. காப்பியத்தின் கம்பீரம் அக்குரலை மூடிக்கொண்டது என்று கூறுவது அவருக்கு இழுக்காகாது. அவர் காலத்தில் மதம் மாறியவர் ஒருவர் ஐயத்தைப் பாடினால், விட்டுவந்த பக்கத்தார் நகைப்பர், சேர்ந்த பக்கத்தார் அஞ்சுவர்.

அதே ஆற்றின் கரையில் ஆழ்வார்திருநகரி இருக்கிறது. அங்கே நம்மாழ்வார் தலைவியாகி, வாராத தலைவனை ஏசுகிறார், ஊடுகிறார், இரக்கமற்றவன் என்று பழிக்கிறார். அந்த ஏச்சு வேதமென்றே போற்றப்படுகிறது. நாத்திகம் என்று எவரும் கொள்வதில்லை. பிள்ளையவர்களுக்கு இது புதிதன்று.

சொல்லும் ஒரு தடையாயிற்று. மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனின் தந்தை தான் விசுவாசிப்பதாகக் கூறி, அதே மூச்சில் தன் அவிசுவாசத்துக்கும் உதவி வேண்டுகிறான். கிறித்தவ மறையில் ஐயத்தைக் கொண்டே செய்யப்பட்ட ஜெபம் இது. அவன் மகன் நலமடைகிறான். ஆனால் நம் ஊர்களில் அவிசுவாசி என்பது வசைச்சொல். ஐயம் என்ற சொல்லுக்கு அந்தக் கறை இல்லை. 'ஐயந்திரிபற' என்னும் தொடரில் அது அறிவின் ஒரு படி. பாடல் எழுதுவோர் அச்சொல்லை எடுத்தாண்டிருந்தால் பல வீடுகளில் துயருற்றோர் வாய் திறந்திருப்பர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுப்பப்படும்போது, வெற்றிச் சாட்சி ஒன்றே அவளிடம் எதிர்பார்க்கப்படுகிறது. அவளுக்கென்று பாட்டு இல்லை.

வழிபாட்டு நூலில் வழி இல்லாமலில்லை. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபநூல் சங்கீதங்கள் 150ஐயும் முப்பது நாட்களுக்குப் பகுத்துள்ளது. அதன்படி ஒவ்வொரு மாதமும் 17ஆம் நாள் காலையில் 88ஆம் சங்கீதம் ஓதப்படவேண்டும். பிற முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் இறுதியில் நன்றிக்குத் திரும்பும், இது திரும்புவதில்லை. ஏன் முகத்தை மறைக்கிறீர் என வினவி, இருளிலேயே முடிகிறது. பெரிய வெள்ளி மாலைக்கும் இதுவே குறிக்கப்பட்டுள்ளது. ஜெபநூலைத் தொகுத்தவர்கள் அதற்கு ஆறுதல் வரி ஒன்றை ஒட்டவில்லை என்பது கருதத்தக்கது. தியானத்தில் ஐயத்தைக் கொணர விரும்புவோர் செய்யவேண்டுவதும் இவ்வளவே: வினாவை வினாவாகவே, முன்னிலையில் வைத்து, அன்றே விடையை ஒட்டாமல் விட்டுவிடுதல். இறைவன் இல்லையோ என்று தனக்குள் சொல்லிக்கொள்வதற்கும், நீர் இல்லையோ என்று அவரிடமே கேட்பதற்கும் இடையே ஓர் இடப்பெயர்தான் மாறுகிறது. இலக்கணம் அறிந்த இவ்வவைக்கு அம்மாற்றத்தின் அளவை விளக்க வேண்டியதில்லை.

களக்காட்டுப் பகுதியில் தோனாவூரில் பிள்ளைகளால் அம்மை என்றழைக்கப்பட்ட ஏமி கார்மைக்கேல் 1931இல் தவறி விழுந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் படுக்கையிலேயே கழிந்தன. நோயாளிகளுக்கு ஆறுதல் கூறும் நூல்கள் நலமுள்ளவர்களால் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு மனம் ஒவ்வாமல், நோயாளியாகவே பிற நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை 1933இல் நூலாயின. குணமாகட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. 1951 சனவரியில் தோனாவூரிலேயே காலமானார்.